மிச்சம் நின்ற ஒரு துண்டு மீன்

பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

என் கண்ணு பூவிழிக்கு உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி ராகுலும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்த மலைக் குளிரில் நீயும் இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று நம்ம குப்பத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கையில் போன் இருக்கும்போது இன்னாத்துக்கு நைனா லெட்டர் போடுகிறார் என்று நீ யோசிப்பாய். இரண்டு காரணம் இருக்கிறது. உங்கள் ஸ்கூலில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து வீட்டுக்குக் கையாலேயே கடிதம் எழுத வேண்டும், வீட்டிலிருந்து வருகிற கடிதங்களைக் காலைச் சாப்பாட்டு மேசையில் பேர் சொல்லிக் கொடுப்பார்கள், நர்ஸாகச் சேர்ந்த இந்த அஞ்சு வருஷத்தில் எனக்குத்தான் ஒண்ணுமே வந்ததில்லை என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாமே. அவளும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, உங்கள் பெரிய மிஸ் என்னிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே பூவிழியிடம் சொல்லுகிறேன், அதுவரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் நிற்காது, உனக்கே தெரியும். அதனால் போனை அம்மாவிடம் கொடுத்து அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன். இதை நாளைக்குத் தபாலில் போட்டால் எப்படியும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் மலை ஏறாது, சத்தியமும் கெடாது. நல்ல சேதியை முதலில் எழுதுய்யா என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். நான் மாட்டேன். முதலில் நான் செய்த தப்பு, அப்புறம்தான் நல்லது. நடுவில் தாண்டிப் போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே.

புதன்கிழமை சாயங்காலம் பொன்னேரி வழியாக உங்கள் பஸ் வந்து சேர்ந்தது. டிரைவர் ஆபிரகாம் நல்ல மனுஷன், இறங்கினதும் முதல் வேலையாக உன்னைப் பற்றித்தான் பேசினார், நர்ஸ் மிஸ் கொடுத்த மாத்திரையில்தான் என் மூட்டுவலி நின்றது என்றார். பத்தொன்பது பெண் பிள்ளைகள், ஒரே மாதிரி சாம்பல் பாவாடை, ஒரே மாதிரி பை, வாத்துக்குஞ்சு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இறங்கியதைப் பார்க்க நம்ம தெருவே கூடிவிட்டது. கூட வர வேண்டிய இன்னொரு டீச்சரும் பொன்னுக்குவீங்கியில் படுத்துவிட்டதால் ஜெபசெல்வி மிஸ் ஒருத்திதான் வந்தாள். அதே பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீயும் அங்கேயே நின்றுவிட்டாய். மூன்று மாதமாக இந்தப் பயணத்துக்கு அலைந்தவள் நீ, கடைசியில் உன்னைத் தவிர எல்லோரும் வந்தார்கள் என்று அம்மா இரண்டு நாள் என்னிடம் சண்டை போட்டாள், என்னவோ நான்தான் பிள்ளைகள் கன்னத்தை வீங்க வைத்த மாதிரி. சர்ச் ஹாலில் தங்கினார்கள். ஜெபசெல்வி மிஸ் ஒரு கைமணி கொண்டுவந்திருந்தாள். மணி அடித்தால் எழுந்திருக்கிறார்கள், மணி அடித்தால் குளிக்கிறார்கள், மணி அடித்தால் பேச்சு நிற்கிறது. பக்கத்துத் தெரு ஆட்கள் இரண்டு பேர் ஐஸ் வண்டி என்று நினைத்து ஓடிவந்தார்கள். சாயங்கால ஜெபத்தில் அவர்கள் பாடின பாட்டு இங்கிலீஷ்தான், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நம்ம பெலிக்ஸ் இருக்கிறானே, எந்நேரமும் வாய் ஓயாதவன், அவனே தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கொடியில் காயப்போட்ட துண்டுகளில் எல்லாம் நம்பர். பேரே கிடையாது. சலவைக்குப் போகிற துணி மாறாமல் இருக்க வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து அப்படித்தானாம், சரி, துணிக்கு நம்பர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி முப்பத்தெட்டு இங்கே வா, பன்னிரண்டு சோப்பு எங்கே என்று கூப்பிடுகிறார்கள். மார்க்கெட்டில் மீன் கூடைக்குக்கூட அப்படிச் சொல்ல மாட்டோம். அதில் நாற்பத்தொன்று என்று ஒரு பிள்ளை, ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ஓரமாகவே நின்றது. நீ போனில் சொன்ன சத்யா அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தில் நான் நலம் நீங்கள் நலமா என்று இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை, இந்த வருஷத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்று சொன்னாயே, அதே பிள்ளைதான்.

இனி என் தப்புக்கு வருகிறேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் படகு கவிழ்ந்து செத்துப்போன அந்த விபத்துக்கு அப்புறம் இங்கே வெளியாட்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியிருந்தும் இது பாடத்துக்காகப் போகிற பயணம் என்று நீ எத்தனை மனு போட்டு, எத்தனை ஆபீசில் கையெழுத்து வாங்கி அனுமதி எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். படகோட்டி என் தகப்பனார், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று உன் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஒன்று கோணலாகப் போனாலும் உன் வேலைக்கே ஆபத்து, வார்டன் வேலைக்கு உன் பேரைச் சொல்லியிருக்கிற நேரம் வேறு என்று ஜெபசெல்வி மிஸ் புதன்கிழமையே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா என்னிடம் சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன், அதைத்தான் உன்னிடம் சொல்லவருகிறேன். வியாழக்கிழமை காலை வாடைக்காற்று அடங்கி ஏரி தட்டு மாதிரி கிடந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை எல்லோருக்கும் மாட்டியாயிற்று. படகுத்துறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஜெபசெல்வி மிஸ் எண்ணச் சொன்னாள். அவர்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளுக்கு ஒன்றாகக் கத்த ஆரம்பித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நம்ம வீட்டுப் படகில் தலை எண்ணுவது கிடையாது என்பது உனக்குத் தெரியாததா. மீனை எண்ணலாம், வலையை எண்ணலாம், ஏறுகிற மனுஷத் தலையை எண்ணக் கூடாது. ஏன் என்று என் நைனாவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் கரையில்தான் எண்ணினார்கள், படகில் இல்லை. அதைக்கூட நான் பார்க்கவில்லை. நிறுத்துங்கன்னு ஒரு சத்தம் போட்டேன், துறையில் இருந்த கொக்கு எல்லாம் பறந்துவிட்டது. அந்த டீச்சர் என்னவோ காகிதத்தை எடுத்து, சார், இதில் பூவிழி சிஸ்டர் என்று ஆரம்பித்தாள், காகிதம் எல்லாம் மலையில வெச்சுக்க, ஏரியில நான் சொல்றதுதான்னு சொல்லிவிட்டேன். சின்னப் பெண், என் வயசுக்கு மரியாதை கொடுத்து அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்துப் பேர் என் படகு, ஒன்பது பேர் பெலிக்ஸ் படகு. மணல் திட்டுக்குப் போனோம். இந்த வருஷம் பூநாரை எக்கச்சக்கமாக வந்திருக்கிறது, தூரத்தில் தண்ணீருக்கு மேலே ரோஸ் கலரில் கோடு போட்ட மாதிரி நின்றது. ஒரு பிள்ளை அதைப் பார்த்து அழுதே விட்டது, கேட்டால் சந்தோஷமாம். திட்டில் இறங்கி மண்ணை அள்ளி, தண்ணீரைச் சீசாவில் பிடித்து, உப்பு எவ்வளவு என்று காகிதத்தை நனைத்துப் பார்த்தார்கள். நான் நாக்கில் வைத்தே சொல்லிவிட்டேன், அவர்கள் காகிதமும் அதையேதான் சொன்னது, எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கொஞ்சம் ஏறிப்போய்விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கிளம்புகிற நேரத்தில் ஒரு பிள்ளை கிளிஞ்சலில் காலைக் கிழித்துக்கொண்டது. டீச்சர் அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டே என் படகில் ஏறினாள். பிள்ளைகள் சிநேகிதியோடு உட்கார வேண்டும் என்று படகு மாறி ஏறினார்கள், இதிலிருந்து இரண்டு அங்கே, அதிலிருந்து மூன்று இங்கே. யார் எதில் என்று நான் பார்க்கவில்லை. பெலிக்ஸும் பார்க்கவில்லை. கரைக்கு வந்து இறங்கியதும் மணி அடித்தது, எல்லாம் கையைக் கழுவிக்கொண்டு நம்ம வாசல் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கால் கிழிந்த பிள்ளையையும் பந்தலில் உட்கார வைத்துவிட்டு, அதற்கு ஊசி போட ஆள் கூட்டிவர டீச்சர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

உன் அம்மா விடியற்காலையே ஏலத்தில் நின்று கொடுவா மீன் வாங்கி, ஆளுக்கு ஒன்று, ஒரே அளவு, ஒருத்திக்குப் பெரிசு ஒருத்திக்குச் சிறிசு என்று இருக்கக் கூடாது என்று அரிவாள்மனையில் அளவு பார்த்து நறுக்கிப் பத்தொன்பது துண்டு பொரித்திருந்தாள். டீச்சருக்கும் டிரைவருக்கும் தனிச் சட்டியில். பிள்ளைகள் கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடித்தார்கள், அம்மா ஒவ்வோர் இலையிலும் ஒன்று வைத்துக்கொண்டே போனாள். கடைசி இலைக்கு வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். தட்டில் ஒரு துண்டு மிச்சம். இன்னாய்யா, ஒண்ணு மீதி நிக்குது, யாருக்குப் போடலைன்னு என்னைக் கேட்டாள். நீ ஒண்ணு கூடப் பொரிச்சிருப்பன்னு சொன்னேன். அவ்வளவுதான். முப்பது வருஷமா மீன் விக்கிறேன், எனக்கா கணக்கு சொல்ற, ஒரு புள்ள குறையுதுய்யான்னு அவள் போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து நின்று நம்பர் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அதற்கு அப்புறம் சத்தம் இல்லை. எங்கள் படகில் இருக்கிறாள் என்று நினைத்தோம் என்று இந்தப் பக்கப் பிள்ளைகள், உங்கள் படகு என்று நினைத்தோம் என்று அந்தப் பக்கப் பிள்ளைகள்.

பூவிழி, நான் அந்த நேரத்தில் ஓடின மாதிரி என் இருபது வயதில்கூட ஓடியதில்லை. செருப்பு எங்கே போனது என்று இதுவரைக்கும் தெரியவில்லை. பெலிக்ஸ் இஞ்சினை இழுத்தான், நான் முன்னால் நின்றேன். முகத்துவாரம் பக்கம் தண்ணீர் இழுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா யார் என்றுகூட எனக்குத் தெரியாது, அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன், உன் அம்மா முகம்தான் வந்தது. திட்டு தெரிந்தது. திட்டில் ஆள் இல்லை. மணலில் ஒரு ஆரஞ்சு மிதவைச் சட்டை மட்டும் கிடந்தது, பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்திருந்தது, உங்கள் ஸ்கூலில் கட்டிலுக்குக் கீழே வைக்கிற மாதிரி. பெலிக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நான் அந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்யா சத்யா என்று கத்தினேன். அப்போதுதான் புதருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல், யாருய்யா அது தொண்டத்தண்ணி வத்தக் கத்துறதுன்னு. ஓடிப்போய்ப் பார்த்தால் நம்ம இருசம்மாள், கையால் இறால் தடவிப் பிடிக்கிற அவள் கூட்டம் ஐந்தாறு பேர், முழங்கால் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கண்ணாடி முழுக்கச் சேறு, பிடித்த இறாலைப் போடுகிற பறிக்கூடையின் கயிற்றை அவர்களை மாதிரியே பல்லில் கவ்விக்கொண்டு, உங்கள் நாற்பத்தொன்று.

நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். இருசம்மாள் என்னைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பொட்டப் புள்ளய வுட்டுட்டுப் பூட்டியே, கண்ணு இன்னா பொடனியிலயா கீதுன்னு ஆரம்பித்தாள், மீதியை அம்மாவிடம் கேட்டுக்கொள். கிளம்பலாம் என்று குரல் கொடுத்த நேரத்தில் பிள்ளை புதர்ப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறது. திரும்பி வந்தால் படகு இரண்டும் தூரத்தில். கத்தியிருக்கிறது, இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். அழுதுகொண்டு நின்றதை இருசம்மாள் பார்த்து, வுட்டுட்டுப் போனவன் எப்படியும் வருவான், அதுவரைக்கும் சும்மா நின்னா பயம்தான் வரும், வந்து தடவுன்னு கூட்டிக்கொண்டிருக்கிறாள். மிதவைச் சட்டை குனிய விடவில்லை என்று கழற்றி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து வாயிலிருந்த கயிற்றை எடுத்துவிட்டு, அங்கிள், பதினோரு இறால், நானே பிடிச்சேன் என்றது. எட்டு மாதமாக வாயைத் திறக்காத பிள்ளை என்று நீதானே சொன்னாய், திரும்பி வருகிற வழி முழுக்க இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிக்கொண்டே வந்தது. சேற்றுக்குள் இறால் கையில் இடிக்கும்போது எப்படி இருக்கும், எந்தப் பக்கமாக அமுக்கினால் குத்தாது, எல்லாம் எனக்குப் பாடம் எடுத்தது. நடுவில், ஏன் அங்கிள் எண்ணக் கூடாது என்று கேட்டது. நம்ம வழக்கம் என்றேன். அப்ப எல்லாரும் திரும்பி வந்தாச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது. ஐம்பத்தெட்டு வயதில் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டு பெலிக்ஸைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் அதுவே சொன்னது, ஹாஸ்டலில் எல்லாரும் என்னை நாற்பத்தொன்றுன்னுதான் கூப்பிடுவாங்க, பூவிழி மிஸ் மட்டும்தான் ஒருத்தர் விடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, உங்களுக்கு எல்லாம் தனித்தனியா பேர் வெச்சிருக்காங்களே, அப்புறம் எதுக்கு நம்பர்னு கேட்பாங்க என்று. பூவிழி, அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிடிவாதத்திலிருந்து நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறாய்.

கரைக்கு வந்தால் பிள்ளைகள் எல்லாம் சத்யாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், அம்மா அந்த ஒரு துண்டைத் திரும்பச் சூடு பண்ணிப் போட்டு, பதினோரு இறாலையும் வறுத்து, எல்லோருக்கும் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். ஜெபசெல்வி மிஸ் மட்டும் தனியாக நின்று அழுதாள். உங்கள் ஸ்கூலில் ஒரு புத்தகம் இருக்கிறதாமே, பயணத்தில் எது நடந்தாலும் அதில் எழுதிப் பெரிய மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். பெலிக்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, புள்ள முழுசா வந்துடுச்சு, எழுதினா நம்ம பூவிழி வேலைதான் போவும், டீச்சருக்கும் கெட்ட பேரு, பேசாம வுட்ருன்னு சொன்னான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ உன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே நம்பிக்கொண்டு இருக்கிறாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் மறைத்தால், அப்புறம் எந்த வாயோடு உன்னை மகளே என்று கூப்பிடுவது. அந்தப் புத்தகத்தைக் கொடும்மா என்று வாங்கி, டீச்சர் எண்ணத்தான் பார்த்தாள், நான்தான் கத்தித் தடுத்தேன், கரையில்கூட எண்ண விடவில்லை, ஒரு பிள்ளை திட்டில் நின்றுவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது, என் மகள் மேலும் டீச்சர் மேலும் ஒன்றும் இல்லை, சிங்காரம், என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அதைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. உங்கள் பெரிய மிஸ். நான் எழுந்து நின்றுகொண்டேன், போனில் தெரியாது என்றாலும். சுத்தமான நாகர்கோவில் தமிழ். முதலில் பிள்ளையிடம் பேசினார், அப்புறம் டீச்சரிடம், அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். நீங்கள் எழுதினதைப் படித்தேன், என்னிடமும் ஒரு காகிதம் இருக்கிறது, வாசிக்கிறேன் கேளுங்கள் என்றார். நீ பயணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த குறிப்பாம், ஜெபசெல்வி மிஸ் பையில் போட்ட காகிதத்தின் இன்னொரு பிரதி. ஏழாவது குறிப்பை எனக்காகத் தமிழில் சொன்னார். படகோட்டி என் தகப்பனார், இந்த ஏரியை அவர் அளவுக்கு அறிந்த ஆள் இல்லை, ஆனால் படகில் தலை எண்ண விட மாட்டார், கோபக்காரர், சொன்னால் கேட்க மாட்டார், ஆகையால் அவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் பயப்படாமல் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் கரையில் எண்ணியே ஆக வேண்டும். அடிப்பாவி! ஊருக்கெல்லாம் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறாயே! அம்மா பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு முகம் எல்லாம் சுட்டது, கூடவே அப்படி ஒரு சந்தோஷம், இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று கேட்காதே. பெரிய மிஸ் சொன்னார், தகப்பன் என்று பார்க்காமல் உள்ளதை எழுதினாள் மகள், மகளுக்கு ஆபத்து என்று தெரிந்தும் மறைக்காமல் எழுதினார் தகப்பன், இதற்கு மேல் நான் யோசிக்க ஒன்றும் இல்லை, ஜூன் மாதத்திலிருந்து விடுதி முழுக்க உங்கள் மகள் பொறுப்பு, அவள்தான் வார்டன், கமிட்டியும் முன்னமே சரி என்றுவிட்டது, என்று.

நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு நீ வார்டன், பூவிழி! ஞாயிற்றுக்கிழமையே உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் உனக்கு மூன்று நாள் முன்னாலேயே தெரிந்தவன் நான், அதை யாரும் மாற்ற முடியாது. நாம வேற சாமி கும்புடுறவங்க, அவங்க நமக்குக் கொடுப்பாங்களான்னு ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்த உன் அம்மா, போனை வைத்ததும் முதலில் அம்மன் கோயிலுக்கு ஓடினாள், அங்கிருந்து நேராக சர்ச்சுக்குப் போய் அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். ராகுல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டு முடித்து வந்து கேட்டவன், இனிமே அக்காகிட்ட பேசுறதுக்கும் மணி அடிக்கணுமா என்கிறான். அடுத்த வருஷமும் பிள்ளைகளை அனுப்புவார்களாம். ஒரே நிபந்தனை, நான் எண்ண விட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் மிஸ் என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அதற்கும் சத்யாதான் வழி சொன்னது. இன்றைக்குக் காலையில் பஸ் ஏறும்போது டீச்சர் லிஸ்டை எடுத்தாள். இந்தப் பிள்ளை அதை வாங்கி என் கையில் கொடுத்து, நம்பர்தானே அங்கிள் வேண்டாம், பேர் கூப்பிடுங்க, பேர் கூப்பிட்டா எண்ணினதாகாதே என்றது. நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். ஆகாதுதான். ஜெபசெல்வி மிஸ் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பஸ் படிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன், ஒவ்வொருத்தியும் பிரசன்ட் அங்கிள் என்று சொல்லிவிட்டு ஏறினாள். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, நடு ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். சத்யா கடைசிப் பேர். பிரசன்ட் என்று அது சொன்ன சத்தத்துக்கு டிரைவர் ஆபிரகாம் திரும்பிப் பார்த்தார். லிஸ்ட் அதோடு முடிந்துவிட்டது. என் வாய் நிற்கவில்லை. பூவிழி என்று அதுவாகவே கூப்பிட்டுவிட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் நீ பெட்டியோடு பஸ் ஏறின அன்றைக்கு நான் வழியனுப்ப வரவில்லை, வலை போட்டே ஆக வேண்டும் என்று ஏரிக்குப் போய்விட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அன்றைக்கு நான் வலையே போடவில்லை, படகைக் கட்டிவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரு தலை குறைவதை நின்று பார்க்க எனக்கு தைரியம் இல்லை, அவ்வளவுதான். இத்தனை நாளாக இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, இன்றைக்கு எழுதிவிட்டேன். நான் அப்படி நின்றபோது ஜன்னலிலிருந்து சத்யாவின் குரல்தான் வந்தது. உங்கள் ஸ்கூலில் வராத பிள்ளைக்குச் சிநேகிதி பதில் சொல்லுவாளாமே, அந்த மாதிரியே, பூவிழி மிஸ் சிக் ரூம் டியூட்டி அங்கிள், லீவு விட்டதும் வருவாங்க என்றது.

அந்தப் பிள்ளை உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, அதைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு. வார்டன் ஆகிவிட்டால் லீவிலும் வீட்டுக்குப் போகாத பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று சொல்வாய், அதனால் ஜூனுக்கு முன்னால், மே மாதமே வா. ரெண்டு நாள் கணக்கெல்லாம் செல்லாது, பத்து நாளாவது இரு. பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் எவ்வளவு பெரிய வேலைக்குப் போனாலும் விடாதே. சத்யாவை வீட்டுக்கு அனுப்ப விடாதே. ஜெபசெல்வி மிஸ்ஸிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், நீயும் ஒரு தடவை எனக்காகக் கேள். பஸ்ஸில் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறோம், விடுதிக்குள் வாடை வராமல் டப்பாவில் வை, வார்டனே மாட்டிக்கொள்ளக் கூடாது. அம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உங்கள் சர்ச் சாமியும் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் தாயாக நூறு வருஷம் நல்லா இரு. இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் உன் பேர் சொல்லிக் கொடுப்பார்கள் அல்லவா, கொஞ்சம் மெதுவாக எழுந்து போய் வாங்கு, எல்லோரும் பார்க்கட்டும்.

மறக்காதே, மே மாதம். படகில் ஏறும்போது நான் பேர் கூப்பிடுவேன். அன்றைக்கு உன் பதிலை வேறு யாரும் சொல்லக் கூடாது.

என்றும் உன்,
நைனா சிங்காரம்
(பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்தச் சொன்ன உன் அம்மா மனோரமாவும்)